முகம் மறைத்த அழைப்பு

தொலைபேசி இக்காலத்திலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டாவது வாசலாகிவிட்டது. முன்வாசலைத் தாழிட்ட பின் அந்நியன் எவனும் உள்ளே வர இயலாது. இரண்டாவது வாசலையோ, ஓர் எண்ணைக் குத்துமதிப்பாக அழுத்தத் தெரிந்த எவனும் நடுநிசியிலும் வந்து தட்டலாம். “எண் தவறிவிட்டது” என்று முதல்நாள் வருத்தம் தெரிவிப்பவன், பேசியது பெண்குரல் என்று கண்டதும் மறுநாளும் அழைக்கிறான். பெயர் கேட்கிறான்; ஊர் கேட்கிறான். பதில் கிடையாதபோது ஆபாசம் பேசுகிறான்; அல்லது மிரட்டுகிறான்.

“கைத்தொலைபேசியை அணைத்து வைத்தால் தொல்லை தீர்ந்தது” என்று உபதேசிப்போர் பலர். புத்தளம் மாவட்டக் கரையோரத்து வாழ்வை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லத் துணியமாட்டார்கள். உடப்பிலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் கணவனையோ மகனையோ கடலுக்கு அனுப்பிவிட்டுக் கண்விழித்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! மாறவில, வென்னப்புவப் பகுதிகளிலிருந்து இத்தாலிக்குச் சென்றோரும், மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் ஏராளம். அவர்கள் வேலை முடிந்து ஓய்ந்து வீட்டை நினைக்கும் வேளை, இங்கே நள்ளிரவாகிவிடுகிறது. அறியாத எண்ணாயினும் அது ஒரு நண்பனின் தொலைபேசியிலிருந்து வரும் அவசரச் செய்தியாக இருக்கலாம். ஆகவே இப்பெண்கள் அழைப்பை ஏற்காதிருக்க முடியாது. தொல்லை கொடுப்பவனுக்கு இதுவே வாய்ப்பாகிறது.

இதிலும் கொடிய துன்பம் ஒன்றுண்டு. “உன் எண் அவனுக்கு எப்படிக் கிடைத்தது?” என்று வீட்டார் கேட்கும் கேள்வியே அது. குற்றம் செய்தவன் எங்கோ மறைந்திருக்க, துன்பப்பட்டவள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறாள். இதற்கஞ்சியே பலர் வாய்திறவாது இருக்கின்றனர். அந்த மௌனம்தான் அவனுக்குக் கிடைத்த முதல் வெற்றி. ஆதலின் கணவன்மாருக்கும் மாமியார்மாருக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் வீட்டுப் பெண் இத்தகைய அழைப்பைப் பற்றி உங்களிடம் சொன்னால், அவள் உங்களை நம்புகிறாள் என்று பொருள். அந்த நம்பிக்கையைச் சந்தேகத்தால் கொன்றுவிடாதீர்கள்.

சட்டம் இவ்விஷயத்தில் உறங்கவில்லை. தொல்லை கொடுப்பதற்கென்று தொலைத்தொடர்பைப் பயன்படுத்துவது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி குற்றமாகும். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கவும், நட்டஈடு வழங்குமாறு பணிக்கவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. உடலுக்கோ உடைமைக்கோ நற்பெயருக்கோ கேடு செய்வதாக அச்சுறுத்துவதும் தனிக்குற்றம். தன் பெயரையும் இருப்பிடத்தையும் மறைத்துக்கொண்டு அச்சுறுத்துபவனுக்கு, மறைத்த காரணத்துக்காகவே மேலதிகத் தண்டனையும் உண்டு.

தொல்லை கொடுப்பவன் அந்நியனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பிரிந்துபோன கணவனே இரவுதோறும் அழைத்து மிரட்டுவதும் உண்டு. அத்தகையோருக்கென்றே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம்.

சட்டம் உதவ வேண்டுமாயின் சான்று வேண்டும். அதைச் சேர்ப்பது கடினமன்று. முதலாவது, அவனோடு வாதாடாதீர்கள்; ஏசவும் வேண்டாம். உங்கள் கோபமும் அவனுக்கு வேடிக்கையே. பெயரையோ ஊரையோ சொல்லாமல் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். இரண்டாவது, ஓர் அப்பியாசப் புத்தகத்தில் திகதி, நேரம், அழைத்த எண், பேசிய சொற்கள் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். மூன்றாவது, குறுஞ்செய்திகளை அருவருப்பினால் அழித்துவிடாதீர்கள். ஒலிப்பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் வழி செய்கிறது. பதிவு செய்த கருவியையும் பரிசோதிக்க நேரும் என்பதால், அந்தத் தொலைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். சான்றைப் பத்திரப்படுத்திய பின்னர் அந்த எண்ணைத் தடைசெய்து கொள்ளலாம்.

அடுத்து, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள். அழைத்தவனின் பெயர் விபரத்தைத் தொலைபேசி நிறுவனம் உங்களிடம் தராது. புலன்விசாரணை செய்வோர் சட்டப்படி கேட்டுப் பெறவேண்டியது அது. ஆகவே முறைப்பாடு இன்றி அவனைக் கண்டறிதல் அரிது. தமிழில் அலுவல் நடத்தும் உரிமையை அரசியலமைப்பே உங்களுக்குத் தந்திருக்கிறது. எழுதிய வாக்குமூலம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருப்பின், அதன் பொருளை அறியாமல் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று அஞ்சினால் 119க்கும், மகளிர் உதவிக்கு 1938க்கும், சிறுவர் பாதிக்கப்பட்டால் 1929க்கும் அழைக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்குவோருக்காக, 1978இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இயங்கி வருகிறது.

ஒரு முறைப்பாட்டினால் எல்லாம் உடனே தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. வழக்குகள் மெதுவாகவே நகரும். பொலிஸ் நிலையத்துக்கு இரண்டு மூன்று தடவை நடக்கவும் நேரிடலாம். ஆயினும் இருளிலிருந்து பேசியவனின் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு வேறு வழியில்லை. பெண்மக்கள் வெட்கப்பட வேண்டிய காரியம் இதில் யாதொன்றுமில்லை. வெட்கம் அழைத்தவனுக்கே உரியது. அதை அவனிடமே திருப்பிக் கொடுப்போமாக.