கையால் செய்த வண்டிக்கும் ஒரு சோதனை மேசை வேண்டும்

பலேர்மோ துறைமுகத்தை ஒட்டிப் போகும் கிரிஸ்பி வீதியில், உல்லாசக் கப்பல் வந்த காலைகளில் லாப்பாக்கள் வரிசையாக நிற்கும். தமிழ்நாட்டில் ஷேர் ஆட்டோவாக ஓடும் பியாஜியோ ஆப்பேயைத்தான் சிசிலிக்காரர் அப்படி அழைக்கிறார்கள். காய்கறி ஏற்றிய பின்தட்டில் இரும்புக் குழாய் வளைத்து இருக்கை போட்டு, கூரை கட்டி, பழைய சிசிலிக் குதிரை வண்டிகளைப் போலச் சிவப்பும் மஞ்சளுமாகப் படம் தீட்டியிருப்பார்கள். சிலவற்றுக்கு ஆள் ஏற்றும் அனுமதி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. அனுமதியில்லாதவற்றை மாநகரக் காவலர்கள் அவ்வப்போது பிடித்துக்கொண்டு போவார்கள்.

நான் யாழ்ப்பாணத்தான். இங்கே கப்பல் திருத்தும் பட்டறையில் வெல்டர். அந்த இருக்கைகளின் வெல்டிங்கை என் கண் தானாகவே தேடும். சிலது நேர்த்தி. சிலதில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன். ஏறப்போகிற பயணிக்கு இரண்டும் ஒன்றுதான், மேலே பெயின்ட் பூசியிருக்கிறது. காவலர் கேட்பதும் காகிதத்தைத்தான். வெல்டிங்கை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

என் அக்காவின் மகன் இங்கேயே பிறந்தவன். வேலை முடிந்த இரவுகளில் பட்டறை மூலையில் ஒரு மோட்டார் சைக்கிள் செய்தான். பிரேம் முழுக்க அவன் வளைத்து ஒட்டிய குழாய். எஞ்சின் மட்டும் உடைக்கப் போட்ட வண்டியொன்றிலிருந்து எடுத்த 125 சிசி. முற்றத்துக்குள் ஓட்டிக் காட்டிவிட்டு, "மாமா, இதுக்கு நம்பர் எடுக்கலாமோ?" என்று கேட்டான்.

அதற்காகவே இத்தாலியின் 1992ஆம் ஆண்டு வீதிச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். தொழிற்சாலையில் வந்த வண்டியை மாற்றினால் 78ஆம் பிரிவு: பெரும்பாலும் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, சோதனையில் தேறி, வண்டிப் புத்தகத்தில் பதிய வேண்டும். சில மாற்றங்களுக்கு வண்டி செய்த கம்பனியின் சம்மதக் கடிதம் வேண்டும். தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லாமல் கம்பனி கடிதம் தராவிட்டால், தகுதிபெற்ற பொறியாளரின் அறிக்கையை வைத்து, வண்டியை நேரில் சோதிக்கலாம் என்கிறது அந்தச் சட்டத்தின் செயலாக்க விதிகளில் 236ஆவது. எழுதியவர்கள் நியாயம் தெரிந்தவர்கள்.

ஆனால் பிரேமே புதிது என்றால் அது புது வண்டி. தனியொரு வண்டியையும் சோதித்து ஏற்கலாம் என்று 75ஆம் பிரிவு சொல்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான தொழில்நுட்ப அளவுகோலோ ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 ஒழுங்குவிதி; தனியொரு வண்டியின் ஏற்பை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. புகை, சத்தம், பிரேக், மின்காந்த இடையூறு என்று ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பனியை மனதில் வைத்து எழுதியது. அந்த அளவுகோலின்படி ஆய்வுக்கூட அறிக்கைகளை ஒற்றை வண்டிக்கு வாங்கப் போனால் செலவு வண்டியின் பெறுமதியைத் தாண்டிவிடும். வாசல் இருக்கிறது, பொடியன் நுழையும் அளவுக்கு இல்லை.

சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். முன் போர்க் வந்து சேரும் பிரேமின் கழுத்து விட்டால், ஓட்டுபவன் மட்டுமல்ல, எதிரே வருபவனும் போவான். ஆனால் அந்தக் கழுத்தைச் சோதிக்கக் கம்பனிக் கடிதம் எதற்கு? கப்பலில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். வெல்டிங் போட்ட இடத்தைத் துப்புரவாகத் துடைத்துச் சிவப்புத் திரவம் அடிப்போம். கால் மணி நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை மாவுப் படலம் அடிப்போம். வெடிப்பு இருந்தால், உள்ளே இறங்கிய சிவப்பு மேலே கசிந்து மயிரிழைக் கோடாகத் தெரியும். பெரும்பாலும் வெல்டிங் முடிந்து குழாய் தொடங்கும் ஓரத்தில்தான் அது வரும். தேவையானது மூன்று ஸ்ப்ரே டின், ஒரு துணி, பார்க்கத் தெரிந்த கண். மருமகனின் பிரேமையும் அப்படித்தான் பார்த்தேன். கழுத்தடியில் ஓரிடத்தில் கோடு வந்தது. அரைத்தெடுத்து மறுபடி ஒட்டினான்.

பிரிட்டனில் வீட்டில் செய்த மோட்டார் சைக்கிளும் போகக்கூடிய தனிவண்டிச் சோதனை இருக்கிறது. தேறினால் பதிவு உண்டு, பிரேமில் பொறிக்க எண்ணையும் அரசே ஒதுக்கும். ஜெர்மனியிலும் பொறியாளர் ஒற்றை வண்டியைப் பார்த்துச் சான்று தரும் முறை உண்டு. அங்கே வீதிகள் கொலைக்களமாகிவிடவில்லை.

இத்தாலிக்குக் கையால் செய்தவனின் அருமை தெரியாததல்ல. ரிமினியில் சூடாக்கும் கருவிகளும் காற்றுக் குழாய்களும் பொருத்திக்கொண்டிருந்த மாசிமோ தம்புரினி, மிசானோ பந்தயத் தடத்தில் ஹோண்டா 750இல் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். எஞ்சினை வைத்துக்கொண்டு, அதற்குத் தானே ஒரு பிரேம் செய்தார். 1973இல் வந்த பிமோட்டா கம்பனியின் எச்பி1 அதுதான். பின்னாளில் டுகாட்டி 916ஐ வடிவமைத்ததும் அதே மனிதர்.

எங்கள் பக்கம் வருவோம். 1990இல் இலங்கை உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெட்ரோல் வருவது நின்றது. கராஜ்காரர்கள் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. சின்னப் போத்தலில் காத்துவைத்த பெட்ரோலில் சில துளி விட்டு உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரிபிடிக்கும், பின்னால் வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். அப்படித்தான் நோயாளிகள் ஆஸ்பத்திரி போனார்கள். அந்தக் கைகள் இன்றைக்கும் ஊரிலும் இங்கேயும் இருக்கின்றன. ஒரு காகிதமும் அவற்றை அங்கீகரிக்கவில்லை.

தமிழ்நாட்டு நிலை இன்னும் இறுக்கம். ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்ற ஜி.டி. நாயுடு, 1952இல் இரண்டாயிரம் ரூபாயில் கார் செய்தார். உற்பத்திக்கு உரிமம் கிடைக்கவில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உறுதியாகச் சொன்னது. பொறியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் போட்டிகளுக்காகச் செய்யும் வண்டிகள் கல்லூரி வாசலைத் தாண்டிப் பொது வீதியில் ஓட முடியாது. இத்தனைக்கும் சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

மாதத்தில் ஒரு நாளை அங்கே தனி ஆட்களுக்கு ஒதுக்குங்கள். பலேர்மோவிலும் ஒதுக்குங்கள். கழுத்து வெல்டிங், பிரேக், விளக்கு, சத்தம், புகை எல்லாவற்றையும் பாருங்கள், தளர்த்த வேண்டாம். கட்டணத்தை முன்கூட்டியே வாசலில் ஒட்டிவையுங்கள். தேறிய வண்டிக்கு எண் கொடுங்கள். தேறாத வண்டிக்கு எந்த இடத்தில் தேறவில்லை என்று எழுதிக் கொடுங்கள், திருத்திக்கொண்டு வருகிறோம்.