கூரைமேல் ஞாயிறு, பெயர்ப்பலகையில் இந்தி!

செங்கழுநீர்ப்பட்டு மாவட்டத்தின் தென்கடைக் கடற்புறத்தில் இடைக்கழிநாடு என்றொரு பேரூர் உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இவ்விடைக்கழிநாட்டு நல்லூரினர். கழக இலக்கியத்தில் ஊன்றிய ஊர்ப்பெயர் சிதையாமல் இன்றும் பேரூராட்சி அலுவலக முகப்பில் நிற்பது தமிழ்நாட்டில் எத்தனை இடத்தில் வாய்க்கும்? அந்த நாட்டை உள்ளடக்கிய செய்யூர் வட்டத்தில்தான், 4,000 மெகாவாட் திறனுள்ள நிலக்கரி மின்நிலையம் ஒன்றை நிறுத்த நடுவணரசு திட்டமிட்டது. கரி கப்பலில் வெளிநாட்டிலிருந்து வரும். அதை இறக்கப் பனையூர்க் கடற்கரையில் தனித்துறை ஒன்று எழும். சாம்பல் மட்டும் இம்மண்ணிலேயே தங்கும்! 2013-இல் அதற்குச் சூழல் இசைவும் வழங்கப்பட்டது. உழவரும் மீனவரும் உப்பளத்தாரும் எதிர்த்து நின்றனர். 2015-இல் ஒப்பந்தப் புள்ளிகள் கைவிடப்பட்டன. நிலையம் எழவில்லை.

செய்யூர் தப்பியது. ஆனால் கரி எரிவது நின்றதா? அத்திப்பட்டிலும் வல்லூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. யாருக்காக எரிகிறது? மாமல்லபுரத்தில் விடுதி அறையின் குளிரூட்டிக்காகவும், செங்கழுநீர்ப்பட்டில் நடுப்பகலில் வீட்டினுள் எரியும் விளக்குக்காகவும் எரிகிறது. புகைபோக்கி அத்திப்பட்டில் நின்றாலும் அதன் அடுப்புவாய் ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் இருக்கிறது. அதை எல்லாரும் 'சுவிட்ச்சு' என்கிறார்கள்.

கணக்கு மிக எளியது. நிலக்கரியால் ஓர் அலகு மின் ஆக்கினால், பள்ளிப் பிள்ளைகள் 'கார்பன்-டை-ஆக்சைடு' என்று உருப்போடும் கரிவளி ஏறத்தாழ ஒரு கிலோ வானில் ஏறும். ('யூனிட்' எனப்படுவதே அலகு.) காற்றாலை மின்னும் நீர்மின்னும் அணுமின்னும் தொகுப்பில் கலந்து வருவதால், வீட்டுக்கு வந்துசேரும் அலகொன்றுக்கு முக்கால் கிலோ அளவில் கொள்ளலாம். குளிரூட்டி ஒன்று ஓரிரவில் எட்டுப் பத்து அலகை விழுங்கிவிடும். 14.2 கிலோ சமையல் எரிவளி உருளை ஒன்று தீரும்போது 42 கிலோ அளவு கரிவளி வெளியேறியிருக்கும். இவ்வளி கண்ணுக்குத் தெரிவதில்லை, மணப்பதுமில்லை. ஆனால் நிலவுலகின் வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்துவைக்கிறது. கடல் வீங்கினால் முதலில் நனைவது தில்லியன்று. கல்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையே மணல்மேட்டில் குடியிருக்கும் மீனவக் குப்பங்களே.

இதற்கு மாற்று எங்கே இருக்கிறது? தலைக்குமேலே இருக்கிறது. ஒரு கிலோவாட் திறனுள்ள கதிரொளிப் பலகைகளுக்கு நூறு சதுர அடிக் கூரை போதும். இக்கடற்கரையின் வெயிலில் அவை நாளொன்றுக்கு நான்கு அலகு அளவில் தரும். ஆண்டுக்கு 1,400 அலகு. அதனால் குறையும் கரிவளி ஏறத்தாழ ஆயிரம் கிலோ. தெற்கு நோக்கிப் பதின்மூன்று பாகை அளவில் சாய்த்து வைத்து, தூசும் உப்புப் படிவும் ஏறாமல் கழுவிவந்தால் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். (வாட்டு என்பது ஓர் அறிஞரின் பெயர், ஆட்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தனித்தமிழை எள்ளுவோர் இதைத்தான் முதலில் கேட்பர் என்பதால் இங்கேயே சொல்லிவிடுவது நன்று.)

ஞாயிற்றைப் பணிகொள்வது தமிழனுக்குப் புதிதா? செய்யூர், மரக்காணம் உப்பளங்களில் கடல்நீரை உப்பாக்குவது எந்த எரிபொருள்? குப்பத்து மணலில் கருவாடு காய்வது எந்த அடுப்பில்? பாய்மரத்தைத் தள்ளியது எந்தப் பொறி? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் கலங்களுக்கு வழிகாட்டக் கரையில் இரவில் எரிந்த மாடவிளக்கைப் பாடினார்; அத்துறை மல்லைதான் என்பாரும் உளர், அல்லவென்பாரும் உளர். எதுவாயினும், காற்றையும் கதிரையும் ஒளியையும் ஆளத் தெரிந்த இனத்துக்கு அவற்றின் பெயர்களும் தெரிந்திருந்தன. இன்றைய நிலையைப் பாருங்கள்!

2024-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் நடுவணரசு கூரைமின் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளுக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 உருபா, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 உருபா உதவித்தொகை. நல்ல திட்டமே; குறைசொல்ல ஒன்றுமில்லை. அதன் பெயர் என்ன? 'பி.எம். சூரிய கர் முப்த் பிசிலி யோசனா'! திருக்கழுக்குன்றத்துக் கிழவி ஒருத்தியிடம் இப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். முப்த் என்றால் விலையில்லாதது, பிசிலி என்றால் மின், கர் என்றால் வீடு என்று அவளுக்கு யார் சொல்வது? அவள் வீட்டுக் கூரை, அவள் வரிப்பணம், அவள் தலைமேல் காயும் ஞாயிறு. பெயர் மட்டும் அவளுக்குப் புரியாத மொழியில்!

இது ஒன்றுதானா? எரிவளி இணைப்புத் தந்தார்கள். 2016-இல் அதன் பெயர் 'உச்சுவலா'. சிக்கன விளக்குத் தந்தார்கள். 2015-இல் அதன் பெயர் 'உசாலா'. வீடுதோறும் மின்னிணைப்பு என்றார்கள். 2017-இல் அதன் பெயர் 'சௌபாக்கியா'. உழவனின் நீரேற்றிக்குக் கதிர்மின் என்றார்கள்; 2019-இல் அதன் பெயர் 'குசும்'. கல்பாக்கத்தில் 2004 முதல் கட்டப்பட்டு, 2024 மார்ச்சில் உலைக்கரு நிரப்பத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையை நடத்தும் நிறுவனத்தின் பெயர் 'பாவினி'. விரித்தால் 'பாரதீய நாபிகீய வித்யுத் நிகம்'. வேலைக்கு நிலம் தமிழனது, கடல்நீர் தமிழனது, ஊறு நேர்ந்தால் ஓடவேண்டிய கால்களும் தமிழனுடையவை, பலகையில் சமற்கிருதம்! அணுவுலை இயங்குங்கால் கரிவளி உமிழாது என்பது மெய். அதன் கழிவு தலைமுறை தலைமுறையாகக் கதிர்வீசும் என்பதும் மெய். இரண்டையும் தமிழில் எழுதி ஊர்மன்றில் ஒட்டினால்தானே ஊரார் எடைபோட முடியும்?

"பெயரில் என்ன இருக்கிறது? விளக்கு எரிந்தால் போதாதா?" என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. அவர்களுக்கு மாண்டசுப் புயல் விடை சொல்லும். 2022 திசம்பர் 9 இரவு அப்புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரைகடந்தது. அத்தகைய காற்றில் பலகையைத் தாங்கும் சட்டகம் எவ்வளவு ஆழத்தில் ஊன்றப்பட வேண்டும், உப்புக்காற்றில் எந்த மாழை துருவேறும், எந்தத் திருகாணியை ஆண்டுதோறும் இறுக்கவேண்டும் என்பனவெல்லாம் பலகையோடு வரும் சுவடியில் இருக்கின்றன. எந்த மொழியில்? ஆங்கிலத்தில். இன்னொன்று: தொகுப்போடு இணைந்த கதிர்மின் அமைப்பு, தெருவில் மின் அறுந்தால் தானும் உடனே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் பணியாளனை வீட்டிலிருந்து திரும்பப் பாயும் மின் கொன்றுவிடாதிருக்கவே அவ்வமைவு. மின்கலம் தனியே வைத்தாலன்றிப் புயல் மறுநாள் வெயில் காய்ந்தாலும் அவ்வீடு இருளில்தான் கிடக்கும். இதை வாங்குமுன் தமிழில் சொன்னார் எத்தனை பேர்? சொல்லாததால் "சோலார் ஏமாற்று" என்று ஊர் பேசும். நல்லதொரு கருவி பழிபூணும். மொழி தெரியாத இடத்தில் வாங்குவோன் உடைமையாளன் அல்லன், வெறும் நுகர்வோன்.

இதனினும் பெரிய சான்று வேண்டுமா? 2020 மார்ச்சில் நடுவணரசு சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புதிய வரைவொன்றை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. கேட்டது ஆங்கிலத்திலும் இந்தியிலும்! செய்யூரைப் போல் நாளை எந்த ஊரில் எந்தப் புகைபோக்கி எழலாம் என்பதை முடிவுசெய்யும் வரைவு அது. அதை அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர் வழக்குமன்றம் 2020 சூன் 30-இல் ஆணையிட்டது. நடுவணரசு என்ன செய்தது? பெயர்த்துக் கொடுக்காமல் உச்ச வழக்குமன்றத்துக்கு ஓடியது! சில பக்கங்களைத் தமிழாக்குவதற்குக் கோடிகளைக் கொட்டவேண்டியதில்லை. கொட்டவேண்டியது அச்சத்தைத்தான்: செய்யூர் உழவன் படித்துவிட்டால் கேள்வி கேட்பான்.

தில்லியை மட்டும் வைவது எளிது. தமிழன் தன்னையும் பார்க்கவேண்டும். 'கரண்ட்டு போச்சு', 'சோலார் போட்டாச்சு', 'இன்வெர்ட்டர் ரிப்பேர்' என்று பேசுவது எந்த இந்தி அமைச்சனின் கட்டளையால்? தமிழில் சொல் இல்லையென்பது பொய். 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மின்னாக்கும் காற்றாலைகள் நின்றன. பின்னர் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காடுபோல் பெருகி, இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. ஆரல்வாய்மொழியில் ஆடு மேய்ப்பவனும் அதைக் 'காற்றாலை' என்றே சொல்கிறான். பொருளோடு சொல்லும் வந்து வேர்பிடித்தது. காற்றுக்குக் கிடைத்த பேறு கதிருக்கு ஏன் கிடைக்கவில்லை? விற்பவன் 'சோலார்' என்றான். வாங்கியவன் நாணாமல் வாங்கிக்கொண்டான்.

கதிரொளிப் பலகை எனலாம். பலகை தரும் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கு உரிய மாறுமின்னோட்டமாக்கும் கருவியை மாறுமின்னாக்கி எனலாம். கொடுத்ததும் கொண்டதும் கழித்துக் காட்டும் அளவியை நிகர அளவி எனலாம். இவற்றில் எது நாவில் நுழையாது? இவற்றினும் சிறந்த சொல்லை ஒருவர் ஆக்கினால் அதையே வழங்கட்டும். ஆனால் சொல்லாக்கத்தோடு கடமை தீர்ந்தது என்று எண்ணும் தமிழன்பர்களும் இருக்கிறார்கள். நிகர அளவி என்று அழகாக எழுதிவிட்டு, எழுதிய அறையில் ஆளில்லாமல் மின்விசிறியைச் சுழலவிட்டுப் போகிறவரின் தமிழ்ப்பற்றால் மண்ணுக்கு என்ன வாழ்வு?

வீட்டில் செய்யவேண்டியவை பல பணமே கேளாதவை. பழைய விசிறி எழுபத்தைந்து வாட்டு தின்னும். புதுவகைச் சிக்கன விசிறி முப்பது, முப்பத்தைந்தில் அதே காற்றைத் தரும். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு பூசினால் வெயில் திரும்பி வானுக்கே போகும், கீழறை குளிரும். திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டுக்குக் குளிரூட்டி தேவைப்பட்டதா? அவ்வீட்டை இடித்துக் கண்ணாடிப் பெட்டி கட்டி, அது கொதிக்கிறதே என்று குளிரூட்டி மாட்டி, அதற்காக வல்லூரில் கரி எரிப்பதற்குப் பெயர் முன்னேற்றமாம்! தண்ணீரும் அப்படியே. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இலும், அதனருகே இரண்டாம் ஆலை 2024-இலும் திறக்கப்பட்டன. ஆயிரம் லிட்டர் நன்னீர் ஆக்க மூன்று நான்கு அலகு மின் செலவாகும். சென்னையில் திறந்துவிட்ட குழாயில் ஒழுகுவது நீர் மட்டுமன்று.

தமிழ்நாட்டரசும் விலக்கன்று. 2011-இல் தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டத்தில், ஏழையர்க்கு முந்நூறு சதுர அடி வீடும் கதிர்மின்னால் எரியும் ஐந்து விளக்குகளும் என்று ஆண்டுக்கு 60,000 வீடுகளுக்கு இலக்கு வைத்தார்கள். பெயரேனும் பாதித் தமிழில் இருந்தது; பாராட்டலாம். ஆனால் விளக்கைக் கொடுப்பவன் அதன் மின்கலத்தைப் பேணும் முறையையும் அவ்வீட்டுப் பெண்ணின் மொழியில் கொடுக்கவேண்டும். மின்கலம் சில ஆண்டில் தேயும் பொருள். தேயும்போது என்ன செய்வது என்று அறியாதவள் மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கைத்தான் தேடுவாள்.

ஆகவே கேட்கவேண்டியது இரக்கமன்று, உரிமை. தமிழ்நாட்டில் விற்கப்படும் எந்தக் கதிரொளிப் பலகையோடும், மாறுமின்னாக்கியோடும், மின்கலத்தோடும் தமிழ்ச் சுவடியும் தமிழ் உறுதிச்சீட்டும் இல்லாவிடில் அதற்கு உதவித்தொகை இல்லையென்று தமிழ்நாட்டரசு நடுவணரசை வற்புறுத்தவேண்டும். தன் பங்குக்குத் தானே விதிக்கவும் வேண்டும். தொழிற்பயிலகங்களில் மின்பணியாளர் பாடம் தமிழ்ச் சொற்களோடு நடக்கவேண்டும். செங்கழுநீர்ப்பட்டிலும் மதுராந்தகத்திலும் செய்யூரிலும் உள்ள மின்வாரிய அலுவலகங்களில், கூரைமின் கேட்டு வருவோர்க்குப் 'பிசிலி' என்று எழுதிய விளம்பரத் தாளை நீட்டுவதற்கு மாறாகக் 'கூரைமின்' என்று எழுதிய தாளை நீட்டவேண்டும். நீட்டாத இடத்தில் தமிழன்பர் நால்வர் சேர்ந்து போய்க் கேட்கவேண்டும். எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெற்று, அவ்விடையை ஊர்மன்றில் ஒட்டவேண்டும்.