ஈவுத்தொகை உரிமையை மாற்றுவோர் யார்?

முன்னுரிமைப் பங்கு வாங்குபவருக்கு நிறுவனம் இரண்டு உறுதிகளைத் தருகிறது. ஈவுத்தொகை வழங்கும்போது சாதாரணப் பங்குதாரருக்கு முன்பாக, குறித்த விகிதத்தில் அவருக்குத் தர வேண்டும். நிறுவனம் கலைக்கப்பட்டால் முதலைத் திருப்பித் தருவதிலும் சாதாரணப் பங்குதாரரைவிட அவரே முந்தியவர். இவற்றுக்கு ஈடாகத்தான் அவர் பொதுவான ஓட்டுரிமையை விட்டுக்கொடுக்கிறார். அந்த விகிதத்தில் இடையில் கைவைத்தால், அவர் பணம் போட்ட காரணமே அடிபட்டுப் போகிறது.

100 ரூபாய் முகமதிப்பும் 8 சதவீத ஈவுத்தொகையும் உள்ள குவியும் வகைப் பங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நிறுவனம் மூன்று ஆண்டுகள் ஈவுத்தொகை தராவிட்டால் 24 ரூபாய் நிலுவையாக நிற்கும். அதைத் தீர்க்காமல் சாதாரணப் பங்குக்கு ஈவுத்தொகை தர முடியாது. அதே பங்கைக் குவியா வகையாக மாற்றிவிட்டால், அதன்பின் தவறும் ஒவ்வோர் ஆண்டின் 8 ரூபாயும் போனது போனதுதான். அந்தப் பணம் நிறுவனத்திலேயே தங்கி, சாதாரணப் பங்குகளின் மதிப்பில் சேர்கிறது. அந்தப் பங்குகளைப் பெருமளவு வைத்திருப்பவர் பெரும்பாலும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் புரமோட்டர். மாற்றத்தை முன்மொழிபவரும் அவரே.

விகிதத்தை 0.01 சதவீதமாகக் குறைத்தால் இழப்பு இன்னும் ஆழமானது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஈவுத்தொகை தரப்படாவிட்டால் முன்னுரிமைப் பங்குதாரர் எல்லாத் தீர்மானங்களிலும் ஓட்டுப் போடலாம். 0.01 சதவீதம் என்றால் 100 ரூபாய்ப் பங்குக்கு ஆண்டுக்கு ஒரு பைசா. அந்த ஒரு பைசாவைத் தவறாமல் கொடுத்துவந்தால் இந்த ஓட்டுரிமை எந்நாளும் பிறக்காது. வருமானத்தோடு தட்டிக்கேட்கும் வாய்ப்பும் பறிபோகிறது.

இத்தகைய மாற்றத்துக்கு 48ஆம் பிரிவு வகுத்துள்ள காவல் போதாது. அந்த வகைப் பங்குகளில் நான்கில் மூன்று பங்கு வைத்திருப்போரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோ, அவர்களின் தனிக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானமோ இருந்தால் போதும். ஒப்பாதவர்கள் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் அந்த வகைப் பங்குகளில் குறைந்தது 10 சதவீதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும், 21 நாளுக்குள் மனுவும் போட வேண்டும். ஊருக்கு ஒருவராகச் சிதறிக்கிடக்கும் சிறு முதலீட்டாளர்கள் மூன்று வாரத்தில் ஒருவரையொருவர் தேடிப்பிடிப்பது எப்படி? புரமோட்டர் தரப்பே முன்னுரிமைப் பங்குகளையும் வைத்திருந்தால், அவர்கள் அந்தக் கூட்டத்தில் ஓட்டுப் போடக் கூடாது என்ற தடையும் இந்தப் பிரிவில் இல்லை.

இங்கிலாந்து நீதிமன்றம் இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்டது. 1971இல் பதிவான ஹோல்டர்ஸ் இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட் வழக்கில், முன்னுரிமைப் பங்குகளை ரத்து செய்து கடன் பத்திரம் கொடுக்க நிறுவனம் முயன்றது. ஆதரித்து ஓட்டளித்த அறங்காவலர்களிடம் முன்னுரிமைப் பங்குகளில் ஏறத்தாழ 90 சதவீதமும், சாதாரணப் பங்குகளில் 52 சதவீதமும் இருந்தன. சாதாரணப் பங்கின் லாபத்தை மனத்தில் வைத்தே அவர்கள் வாக்களித்தனர், முன்னுரிமைப் பங்குதாரர்களின் பொது நலனைப் பார்க்கவில்லை என்று கண்ட நீதிபதி மெகாரி, அந்த ஒப்புதல் செல்லாது என்றார்.

நொடித்துப்போகும் நிறுவனத்தைக் காப்பாற்ற ஈவுத்தொகையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வரலாம் என்பது உண்மைதான். நிறுவனம் மூழ்கினால் கடன் கொடுத்தவர்களுக்குப் பிறகே முன்னுரிமைப் பங்குதாரரின் முறை வரும். பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. அப்படிப்பட்ட நெருக்கடிக்கும் நியாயமான வழியை நமது சட்டமே காட்டியிருக்கிறது. ஈவுத்தொகை தரவோ பங்கை மீட்கவோ இயலாத நிறுவனம் பழைய பங்குக்குப் பதில் புதிய பங்கு வெளியிட, 55ஆம் பிரிவு நான்கில் மூன்று பங்கு ஒப்புதலோடு தீர்ப்பாயத்தின் அனுமதியையும் கேட்கிறது. ஒப்பாதவர்களின் பங்குகளை உடனே மீட்டுப் பணம் தரத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்தப் பாதுகாப்பை 48ஆம் பிரிவுக்கும் நீட்டிக்க மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். சாதாரணப் பங்குகளையும் கணிசமாக வைத்திருப்போரின் ஓட்டு, முன்னுரிமைப் பங்குதாரரின் தனிக்கூட்டத்தில் எண்ணப்படக் கூடாது.