பளபளப்பு எங்கே போனது?

மாணவர்களே, பாட்டி வீட்டில் அடர்பழுப்பு நிறத்தில் பழைய வானொலி இருக்கிறதா? அதன் பெட்டி பெரும்பாலும் பேக்லைட். 1907-இல் லியோ பேக்லேண்ட் உருவாக்கிய, முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக் அது. பினால்-பார்மல்டிஹைடு பிசினோடு மரத்தூள் கலந்து, அச்சில் சூடாக்கி அழுத்திச் செய்தார்கள்.

புதிதில் மேற்பரப்பு முழுவதும் வழவழப்பான பிசின். ஒளி ஒழுங்காகத் திரும்பும். வெயிலும் ஈரமும் பிசினை அரிக்க அரிக்க மரத்தூள் வெளியே தெரியும். கரடுமுரடான பரப்பில் ஒளி சிதறும். மங்கல் என்பது இதுதான். நம் சுபாங் ஜெயாவில் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா என்ன!

சிலர் தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். நுண்குழிகளை எண்ணெய் நிரப்புவதால் உடனே மின்னும். பிறகு தூசிதான் ஒட்டும். எனக்கு இதில் உடன்பாடில்லை. மெருகுப் பசை வேறு மாதிரி: அரித்த பரப்பைச் சுரண்டி, அடியிலுள்ள நல்ல பிசினை வெளிக்காட்டுகிறது. பளபளப்பு திரும்பி வருவதில்லை. பெட்டியைக் கொஞ்சம் இழந்து அதை வாங்குகிறோம். பிசின் மிகுந்த மேலடுக்கு மெல்லியது. ஓயாமல் தேய்த்தால் மரத்தூளே மிஞ்சும். ஆகவே பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, அதுவே போதுமா என்று முதலில் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் போதும்.

மணல்தாளை மட்டும் தொடவே வேண்டாம். சில பேக்லைட் பொருள்களில் மரத்தூளுக்குப் பதில் கல்நார் சேர்த்திருந்தார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. துடைக்கும் முன் மின்செருகியைக் கழற்றுங்கள், பெட்டியைத் திறக்காதீர்கள்.