கேட்டால்தான் வரும்

சித்தப்பா புதுக் கார் வாங்குகிறார். இந்த முறை ஹைபிரிட்தான் என்று வீட்டில் ஏகமனதாக முடிவாகிவிட்டது. தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை போய் வருகிறவருக்கு, வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரத்துக்குத்தான் பெட்ரோல் அதிகம் போகிறது. ஷோரூமுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சித்தப்பாவின் முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: "மைலேஜ் எவ்வளவு தம்பி?" அவர் மகனின் கேள்வி சன்ரூஃப் பற்றி. விற்பனைப் பிரிவுத் தம்பி உற்சாகமாகிவிட்டார். "டாப் எண்ட் எடுத்துட்டீங்கன்னா எல்லாமே வந்துடும் சார். பனோரமிக் சன்ரூஃப், வென்டிலேட்டட் சீட், 360 டிகிரி கேமரா, ஒயர்லெஸ் சார்ஜர்..." அவர் அடுக்கிக்கொண்டே போக, சித்தி பேசாமல் பின் சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்தார். கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, நடுவுல உட்கார்றவங்களுக்கும் தோள் வழியா வர்ற பெல்ட்டுதானா, இல்ல இடுப்புக்கு மட்டுமா? தலை சாய்க்க ஒண்ணு வேணுமே, அது இருக்கா?"

அன்று அந்த ஷோரூமில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே முக்கியமானது அதுதான் என்பேன்.

நமக்கு இப்போது ஹைபிரிட் கார்களில் தேர்வுக்குக் குறைவில்லை. 2022-ல் மட்டும் ஹோண்டா சிட்டி ஈ:ஹெச்ஈவி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா என்று வரிசையாக வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னோவா ஹைகிராஸும் அறிமுகமானது. ஹைரைடருக்கும் கிராண்ட் விட்டாராவுக்கும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், ஹைகிராஸுக்கு 23.24 என்பது சோதனைக்கூடக் கணக்கு. சாலையில் அந்த அளவு கிடைக்காவிட்டாலும், நெரிசலான ஊரில் சாதாரண பெட்ரோல் காரைவிட மிச்சமாகும் என்பதில் சந்தேகமில்லை. மைலேஜைப் பற்றி இதற்குமேல் பேச வேண்டியதில்லை. அதைக் கம்பெனிக்காரர்களே போதுமான அளவு சொல்லிவிடுகிறார்கள். வாங்குகிறவர் வாய் திறந்து கேட்டால் மட்டுமே வெளியே வரும் விஷயங்கள் வேறு.

முதலில் ஏசி. சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்த பிறகும் குளிர்ந்த காற்று வர வேண்டும் என்றால், ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓட வேண்டும். 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்று சொல்லப்படும் கார்களில் அப்படித்தான். 'மைல்டு ஹைபிரிட்' என்றும் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்றும் விற்கப்படுபவற்றில் கம்ப்ரஸரைப் பொதுவாக என்ஜின் பெல்ட்தான் சுற்றுகிறது. என்ஜின் நின்றால் குளிர்ச்சியும் நிற்கும், விசிறி மட்டும் ஓடும். இரண்டின் பின்புறத்திலும் ஹைபிரிட் என்றே பேட்ஜ் ஒட்டியிருக்கலாம். சென்னையிலும் மதுரையிலும் கார் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு என்ன இருக்கிறது? டெஸ்ட் டிரைவின்போது ஐந்து நிமிடம் ஓரமாக நிறுத்தி, ஏசியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது டிக்கி. ஹைபிரிட் பேட்டரி எங்காவது உட்கார வேண்டுமே! சாதாரண சிட்டியில் 506 லிட்டராக இருந்த டிக்கி, ஹைபிரிட் சிட்டியில் 306 ஆகிவிட்டது. ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றுகிற குடும்பம், வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்துப் போய் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். இன்னொன்று: பல ஹைபிரிட் கார்களில் பின் சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கும். பேட்டரியைக் குளிர வைப்பதற்கான காற்று அது வழியாகத்தான் போகிறது. பையையோ போர்வையையோ போட்டு அதை அடைத்துவிடக் கூடாது. அதன் வடிகட்டியில் தூசி சேர்ந்தாலும் பேட்டரிக்குத்தான் கேடு. டொயோட்டாவும் ஹோண்டாவும் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அந்தத் துவாரம் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லிவிட்டுத்தான் சாவியை வாங்க வேண்டும்.

வசதியிலிருந்து பாதுகாப்புக்கு வருகிறேன். ஹைபிரிட் காரின் பெரிய சுகம் அதன் அமைதி. பட்டனை அழுத்தினால் உறுமல் எதுவும் கேட்காது. டாஷ்போர்டில் 'ரெடி' என்று எழுத்து தெரியும், அவ்வளவுதான். தெருவுக்குள் மெதுவாகப் போகும்போது பெரும்பாலும் மோட்டார் மட்டுமே வண்டியை நகர்த்தும். உள்ளே இருப்பவருக்கு அது சுகம். கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டிக்கும், முதுகைக் காட்டிக்கொண்டு பந்து விளையாடும் பிள்ளைக்கும், வெள்ளைக் கம்பு தட்டி நடக்கும் பார்வையற்றவருக்கும் அது ஆபத்து.

அமெரிக்காவில் இதை முதலில் உரத்துச் சொன்னவர்கள் பார்வையற்றோர் அமைப்பினர். கார் வாங்குகிறவர்களும் இல்லை, ஓட்டுகிறவர்களும் இல்லை அவர்கள். சாலையைக் காதால் கடக்கிற தங்களுக்கு இந்த வண்டிகள் வருவதே தெரியவில்லை என்று விடாமல் கேட்டார்கள். வேகத்தைக் குறைக்கும்போதும், பின்னால் எடுக்கும்போதும், பார்க்கிங்கில் நுழையும்போதும் ஹைபிரிட் கார்கள் பாதசாரிகள் மீது மோதும் விகிதம் சாதாரண கார்களைவிட அதிகம் என்று அந்த நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 2009 ஆய்வும் சொன்னது. அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. இன்று அங்கே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை இப்படிப்பட்ட வண்டிகள் ஒலி எழுப்பியாக வேண்டும். ஐரோப்பாவில் 2021 முதல் புதிதாக விற்கப்படும் ஒவ்வொரு ஹைபிரிட் காருக்கும் 20 கிலோமீட்டர் வேகம் வரை அந்த ஒலி கட்டாயம்.

அந்த ஒலி நாம் வாங்கும் காரில் இருக்கிறதா? இருந்தால் எப்படிக் கேட்கிறது? ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, நாம் வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் 2022-ல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள் 74,897 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தது நம் தமிழ்நாடு. காரின் பாதுகாப்பு என்பது காருக்குள்ளே இருப்பவர்களோடு முடிந்துவிடுகிற விஷயமா என்று இந்த எண்களைப் பார்த்துவிட்டு யோசிக்க வேண்டும்.

அதனால்தான், கேமராவும் ரேடாரும் வைத்து வரும் நவீன உதவிகளில் என் ஓட்டு எதற்கு என்று கேட்டால், இடதுபக்கத்தைக் காட்டுகிற எதற்கும் என்பேன். இடதுபுறம் திரும்பும்போது சந்தில் புகுந்து வரும் பைக்தான் நம் ஊரில் அடிபடுகிறது. ஹோண்டா சிட்டியில் இடதுபக்கக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கேமரா உண்டு. இடது இண்டிகேட்டரைப் போட்டதும் அந்தப் பக்கம் முழுதும் திரையில் விரியும். கண்ணுக்குப் படாத மூலையில் வண்டி வந்தால் எச்சரிப்பதும், பின்னால் எடுக்கும்போது குறுக்கே வருபவரைச் சொல்வதும் இதே வகை. தானே பிரேக் போடும் வசதியும் உயிர் காக்கும்தான். கோடே அழிந்துபோன சாலையில் லேனைப் பிடித்துக்கொண்டு போகும் வசதியிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

மலைப்பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கு என்பது நம் டிரைவர்கள் வழிவழியாகச் சொல்லும் பாடம். ஸ்ட்ராங் ஹைபிரிட் காரில் பொதுவாக அந்தக் கியர் கிடையாது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரத்தின் சுழற்சி மின்சாரமாகிப் பேட்டரிக்குப் போகும், வண்டியின் வேகமும் குறையும். பேட்டரி சிறியது என்பதால் நீண்ட இறக்கத்தில் அது சீக்கிரமே நிரம்பிவிடும். அதன் பிறகு வேகத்தைப் பிடித்து நிறுத்த என்ஜினும் சாதாரண பிரேக்கும்தான் துணை. அதற்காகவே பல ஹைபிரிட் கார்களின் கியர் லீவரில் 'பி' (B) என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே தள்ளினால் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். வண்டியை டெலிவரி கொடுக்கும் நாளில் திரையில் பாட்டுப் போடுவது எப்படி என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த 'பி'யைச் சொல்லிக் கொடுங்கள் என்று நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மழையும் அப்படித்தான். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் மிக்ஜாம் புயல் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஹைபிரிட் காரில் என்ஜின் எப்போது ஓட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. தண்ணீரில் மூழ்கி எழுந்த வண்டியின் பட்டனை ஆசைக்குக்கூட அழுத்திவிடக் கூடாது. தண்ணீர் புகுந்த என்ஜின் சுழன்றால் அதன் உள் உறுப்புகள் வளைந்துவிடலாம். வண்டியை இழுத்துப் போய்த்தான் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் போடும்போது என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசியைச் சேர்ப்பது இந்தக் கடலோர ஊர்களில் வீண் செலவே அல்ல.

இப்போது சித்தியின் கேள்விக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்பது நாடெங்கும் பேசப்பட்டது. பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம்தான், மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஆனாலும் அந்த ஆண்டு பெல்ட் போடாததால் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓட்டியவர்கள் அல்ல, உடன் சென்றவர்கள். நம் குடும்பங்களில் பின் சீட்டு யாருடையது? அம்மாவும் பாட்டியும் குழந்தைகளும் உட்காரும் இடம் அது.

ஆறு ஏர்பேக்குகளின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லாக் கார்களுக்கும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று மத்திய அரசு 2022 ஜனவரியில் வரைவு வெளியிட்டது. முதலில் அந்த அக்டோபர் என்றார்கள், பிறகு 2023 அக்டோபர் என்று தள்ளிப்போட்டார்கள், கடைசியில் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். சட்டம் வரவில்லை, ஏர்பேக் வந்தது! 2023-ல் கார்களுக்கு ஸ்டார் மதிப்பீடு தரும் பாரத் என்கேப் மோதல் சோதனை தொடங்கியது. ஜனங்கள் எத்தனை ஸ்டார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். விலை கூடிய வேரியன்ட்டுகளில் மட்டும் ஆறு ஏர்பேக் வைத்திருந்த கிராண்ட் விட்டாராவுக்கும் ஹைரைடருக்கும் 2025-ல் எல்லா வேரியன்ட்டிலும் ஆறும் வந்துவிட்டன. அழுத பிள்ளை பால் குடித்தது.

இதில்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆதங்கமும் இருக்கிறது. கோடை நாட்டில் வென்டிலேட்டட் சீட் கேட்பதில் தவறே இல்லை. சன்ரூஃபும் அவரவர் ஆசை. ஓடும் வண்டியில் பிள்ளைகளை அதில் நிற்க வைக்காதவரை. ஆனால் பக்கத்தில் வரும் பைக்கைக் காட்டும் எச்சரிக்கையையும் தானே போடும் பிரேக்கையும் இந்தச் சொகுசுகளோடு சேர்த்துக் கட்டி, சில லட்சம் அதிகம் கொடுக்கிறவருக்கு மட்டும் விற்பது நியாயமில்லை. குறைந்த விலை வேரியன்ட்டை எடுக்கிற குடும்பத்தின் உயிர் குறைந்த விலை உயிரா?

பாதுகாப்பைத் தனியே கேட்க நாம் பழக வேண்டும். இந்த வேரியன்ட்டில் என்னென்ன இருக்கிறது, டாப் எண்டில் மட்டும் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்கலாம். ஸ்டார் எத்தனை, குழந்தைகளுக்கு எத்தனை ஸ்டார் என்று பிரித்துக் கேட்கலாம். வைப்பரையும் ஏசியையும் திரையைத் தடவாமல் பட்டனில் போட முடியுமா என்று பார்க்கலாம்; ஐரோப்பிய என்கேப் 2026 முதல் வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் தருகிறது. சித்தப்பா இரண்டு வாரம் பொறுத்து, மூன்று ஷோரூம்களில் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்டப் போகிறார். சன்ரூஃப் இல்லாத ஒரு வேரியன்ட்டின் மேல் கண் வைத்திருக்கிறார். ஷோரூமில் வாடிக்கையாளர்கள் கேட்பது என்ன என்பது கம்பெனி வரை போகக்கூடும். அடுத்து எந்த வேரியன்ட்டில் எதை வைப்பது என்பதில் அந்தக் கேள்விகளுக்கும் பங்கு இருக்கலாம். அந்தக் கேள்விப் பட்டியலில் பின் சீட்டுப் பெல்ட்டும் தெருவில் நடக்கிறவரின் உயிரும் முதல் வரியில் இருக்கும்படி கேட்பது, கார் வாங்கும் ஒவ்வொருவரும் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய பொதுக்காரியம்.