ஒரே பங்கை நம்பலாமா?

பங்கு மார்க்கெட்டைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு கதை தவறாமல் சொல்லப்படுகிறது. 1993-ம் வருஷத்தில் இன்போஸிஸ் கம்பெனியில் நூறு பங்கு வாங்கி, அதை விற்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டியவர் இன்று கோடீசுவரர் என்பதே அக்கதை. கேட்போர் பெருமூச்சு விடுகிறார்கள். சிலர் பெருமூச்சோடு நில்லாமல், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையையும், பெண்ணின் கலியாணத்திற்கென்று சேர்த்ததையும் எடுத்துக்கொண்டு, அடுத்த இன்போஸிஸ் எது என்று தேடப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆகவே, இக்கதையைச் சற்று நிதானமாக விசாரிப்பது நமது கடமையாகிறது.

கதை பொய்யன்று. 1981-ல் ஏழு என்ஜினீயர்கள் பதினாயிரம் ரூபாய் மூலதனத்துடன் தொடங்கிய அந்தக் கம்பெனி, 1993-ல் பொது ஜனங்களுக்குப் பங்கு விற்க முன்வந்தது. முகமதிப்பு ரூ. 10, கேட்ட விலை ரூ. 95. நூறு பங்குக்கு ரூ. 9,500 ஆயிற்று. பின்னர் 1994, 1997, 1999, 2006, 2014, 2015, 2018 ஆகிய வருஷங்களில் ஒன்றுக்கு ஒன்று வீதமும், 2004-ல் ஒன்றுக்கு மூன்று வீதமும் கம்பெனி போனஸ் பங்கு வழங்கியது. 2000-ல் பத்து ரூபாய்ப் பங்கு ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்ப் பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பெருக்கிப் பார்த்தால் ஒரு பங்கு 1,024 பங்காகிறது. நூறு பங்கு 1,02,400 ஆகிறது. பங்கு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பத்துக் கோடிக்கு மேல். இடையில் வந்த டிவிடெண்டு வேறு. கணக்கில் பிழையில்லை.

ஆனால், 1993-ல் அந்தப் பங்கை வாங்கியவர்கள் எத்தனை பேர்? விற்பனைக்கு வந்த பங்குகள் முழுவதையும் எடுத்துக்கொள்ளப் பொது ஜனங்கள் அன்று முன்வரவில்லை. மார்கன் ஸ்டான்லி என்னும் அமெரிக்க ஸ்தாபனம் கேட்ட விலைக்கே நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு வீதம் வாங்கிக்கொண்ட பிறகே வெளியீடு நிறைவேறியது. இன்று பெருமூச்சு விடும் நம்மவரில் பெரும்பாலோர் அன்று தயங்கி நின்றவர்களே. அதற்காக அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதி அயல்நாட்டாரிடம் விற்கும் தொழில் இவ்வளவு பெருகும் என்பதை அன்று அறிந்தவர் மிகச் சிலரே.

வாங்கியவர்களாவது அமைதியாக வைத்திருக்க முடிந்ததா? 2000-ல் உச்சத்தைத் தொட்ட அப்பங்கு அடுத்த வருஷத்திற்குள் பாதிக்கு மேல் மதிப்பிழந்தது. 2003 ஏப்ரலில் ஒரே நாளில் ஏறக்குறையக் கால் பங்கு விலை சரிந்தது. பெட்டியில் வைத்துப் பூட்டினார் என்று சொல்வது எளிது. குடும்பத்தின் சொத்து முழுவதும் அப்பெட்டிக்குள் இருந்து, அது கண்ணெதிரே கரையும்போது சாவியைத் தொடாமலிருப்பது எத்தனை பேரால் ஆகும்?

நீதிமன்றத்தில் ஒரு தரப்புச் சாட்சிகளை மட்டும் விசாரித்து, மறு தரப்பாரை அழைக்காமலே தீர்ப்புச் சொல்லும் நீதிபதியை நாம் ஒப்புக்கொள்வதில்லை. பங்குக் கதையில் நடப்பது அதுவே. லாபம் பெற்றவர் கூட்டில் ஏறிச் சாட்சி சொல்கிறார். நஷ்டமடைந்தவரோ, மனைவியிடமும் சொல்லாமல் வாய்மூடி வீட்டில் இருக்கிறார். அவர் தரப்பையும் கேட்போம்.

அதே காலத்தில், அதே தொழிலில், ஹைதராபாத்தில் ஸத்யம் என்னும் கம்பெனி வளர்ந்தது. நல்ல நிர்வாகத்திற்கான பரிசு 2008-ல் அதற்கு அளிக்கப்பட்டது. 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் பாங்கி இருப்பிலும் ரூ. 5,040 கோடி இல்லாத பணம் என்று கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கு விலை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் விழுந்தது. முதல் நாள் மாலை வரை அதை நம்பி வைத்திருந்தவரும் பொறுமைசாலிகளே. நீண்ட கால நோக்குள்ளவர்களே. அவர்கள் செய்த பிழைதான் என்ன? அது மட்டுமன்று. தொண்ணூறுகளில் ஜனங்களிடம் பங்குப் பணம் திரட்டிய பின் இருக்குமிடம் தெரியாமல் மறைந்துபோன கம்பெனிகளைத் தேட 1999-ல் மத்திய சர்க்காரும் ஸெபியும் சேர்ந்து ஒரு கமிட்டியே அமைக்க வேண்டியதாயிற்று. இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் அதன் ஜாபிதாவில் ஏறின.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். அரிஸோனா ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் பெஸம்பைண்டர் 1926 முதல் 2016 வரை அந்நாட்டு மார்க்கெட்டில் இருந்த சுமார் 25,000 கம்பெனிகளின் பங்குகளை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்ட பங்குகள், தங்கள் ஆயுள் முழுவதிலும், சர்க்காரின் குறுகிய காலக் கடன் பத்திரம் தந்த வருமானத்தைக்கூடத் தரவில்லை. அப்பத்திரங்களுக்கு மேல் மார்க்கெட் முழுவதும் ஈட்டிய செல்வம் அனைத்தும் நூற்றுக்கு நான்கு கம்பெனிகளின் லாபத்திற்குச் சமம் என்பது அவர் கண்ட முடிவு. அந்த நான்கு எவை என்று முன்கூட்டி அறிந்தவர் யார்?

பலவற்றில் சிறிது சிறிதாகப் போட்டால் கோடீசுவரராக முடியாதே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மை. ஊரார் வியந்து பேசும் கதை அவருக்குக் கிடைக்காது. ஆனால், பல கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வைத்திருப்பவர் கையில் அந்த நான்கும் இருக்கக்கூடும்; ஸத்யம் போன்ற ஒன்று விழுந்தாலும் அவர் வீட்டு உலை எரியும்.

ஒரே கம்பெனியில் பணம் போட்டு இழந்தவர்களிலும் நாம் வணங்க வேண்டியவர்கள் உண்டு. 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு வாங்கியவர்களை எண்ணுகிறோம். 1911-ல் அக்கம்பெனி கலைக்கப்பட்டது. அங்கே தேசத்தின் பொருட்டுக் கொடுத்ததைக் காணிக்கை என்றே சொல்ல வேண்டும். ஆனால், மகளின் கலியாணப் பணம் காணிக்கையன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தவறு.

கம்பெனிகளில் பங்கு வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேசத்தின் கைத்தொழில் வளர்வதற்கு ஜனங்களின் மூலதனம் அவசியம். ஆனால், சில வருஷங்களில் தேவைப்படும் பணத்தை அதில் இறக்காதீர்கள். எவ்வளவு புகழ் பெற்ற பெயராயினும் ஒன்றையே நம்பிக் குடும்பத்தை அடகு வைக்காதீர்கள். சம்பளம் தரும் கம்பெனியிலேயே சேமிப்பு முழுவதையும் வைப்பவர், அது தடுமாறும் நாளில் இரண்டையும் ஒருங்கே இழக்கிறார். பங்குதாரராகிவிட்டால் ஐந்தொகையைப் படியுங்கள். பொதுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேளுங்கள். பங்கு வாங்கியவர் அக்கம்பெனியின் சொந்தக்காரரில் ஒருவர் என்பதை மறவாதீர்கள். பூட்டி வைப்பது மட்டும் பொறுமையாகாது. பார்த்துக்கொண்டே காத்திருப்பதுதான் பொறுமை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். மார்க்கெட்டில் போடுவதற்கும் அந்த அளவு வேண்டும்.