பொட்டிபுரத்தில் தோற்றது எது?

அறிவியல் செய்தி எதுவானாலும் அது தமிழுக்கு வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் இரண்டு அணிகள் உருவாகிவிடுகின்றன. ஓர் அணி 'அழிவு வருகிறது' என்கிறது. மற்ற அணி 'அறிவியல் தெரியாதவர்களின் கூச்சல்' என்கிறது. முகநூலிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் நாள்கணக்கில் மோதிவிட்டு இரண்டும் அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது. இதற்கு நாம் கொடுத்த விலை என்ன என்று அறிய விரும்புகிறவர்கள் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தின் கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

2015 ஜனவரியில், சுமார் 1,500 கோடி ரூபாய் செலவிலான இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பொட்டிபுரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையைப் பக்கவாட்டில் ஏறக்குறைய 2 கி.மீ. குடைந்து, உள்ளே 132 மீட்டர் நீளத்தில் ஒரு கூடம் அமைப்பது திட்டம். அங்கே 5.6 செ.மீ. கனமுள்ள இரும்புத் தகடுகளைச் சுமார் 150 அடுக்குகளாக அடுக்கி, இடைவெளிகளில் உணர்கருவிகளைச் செருகி, மொத்தம் 50,000 டன் இரும்பையும் காந்தமாக்குவார்கள். நியூட்ரினோ எதையும் ஊடுருவிச் சென்றுவிடும் துகள். சூரியனிலிருந்து வருபவை மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி நம் கட்டைவிரல் நகத்தின் வழியே போய்க்கொண்டிருக்கின்றன. என்றாவது ஒன்று இரும்பில் மோதினால் கிடைக்கும் தடயம் மிக நுண்ணியது. வானிலிருந்து பொழியும் மற்ற துகள்கள் அதை மறைத்துவிடாமல் தடுக்கவே தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை தேவைப்பட்டது.

இதை எதிர்த்துப் பரவியவற்றில் பொய்கள் இருந்தன. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்றார்கள். அணுக்கழிவைக் கொட்டத்தான் மலையைக் குடைகிறார்கள் என்றார்கள். இரண்டும் உண்மையல்ல. ஆனால் வெளிநாட்டிலிருந்து கற்றை அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு வெறும் காற்றில் முளைக்கவில்லை. எங்கோ தொலைவில் செயற்கையாக உண்டாக்கப்படும் நியூட்ரினோ கற்றையை இங்கே பெற்று ஆராயலாம் என்ற இரண்டாம் கட்ட யோசனை, திட்டத்தின் தொடக்ககால ஆவணங்களிலேயே இருந்தது. அந்தக் கற்றையாலும் ஊருக்குத் தீங்கில்லை என்பதை அப்போதே தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால், அந்தச் செய்தி மறைக்கப்பட்ட இரகசியத்தின் வடிவில் மக்களிடம் போயிருக்காது.

விஞ்ஞானிகள் தரப்பு பேச வந்தபோது 'நியூட்ரினோ ஆபத்தற்றது' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னது. அது சரியான பதில்தான். மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களின் கவலைகளோ நியூட்ரினோவோடு முடியவில்லை. எத்தனை ஆண்டு வெடி வைப்பீர்கள், தோண்டியெடுக்கும் பாறையை எங்கே கொட்டுவீர்கள், எங்கள் குடிநீர் என்னாகும், ஆடுமாடு மேய்க்க வழி விடுவீர்களா? இவை படிப்பறிவற்றவர்களின் பயம் அல்ல. எந்தப் பொறியாளரும் முதலில் கேட்க வேண்டியவை. வதந்தி பரப்பியவர்களும் வதந்தியைக் கேலி செய்தவர்களும் சேர்ந்து இந்தக் கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

உண்மையான ஓட்டை எங்கே இருந்தது என்பது வழக்கில்தான் வெளிப்பட்டது. 'பூவுலகின் நண்பர்கள்' என்ற சூழலியல் அமைப்பு தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. சூழல் தாக்க மதிப்பீட்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதால் கூடுதல் ஆய்வும் தேவைப்பட்டது. மறு ஆண்டே தனி நேர்வாகக் கருதி ஒன்றிய அரசு மீண்டும் அனுமதி கொடுத்தது. பசுமைத் தீர்ப்பாயமோ அதை ஏற்றுக்கொண்டபோதும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்றது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கும் இடையே புலிகள் நடமாடும் வழித்தடத்தில் இந்த இடம் இருக்கிறது என்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பல ஆண்டுகள் ஊரே கொதித்த ஒரு விவாதத்தில் புலித்தடமும் அங்கீகாரமும் எத்தனை பேர் வாயில் அடிபட்டன? கதிர்வீச்சு மட்டும் எல்லோர் வாயிலும் இருந்தது.

காரணம் வெளிப்படை. முடிவெடுக்க உதவும் தாள்கள் முழு வடிவில் மக்கள் மொழியில் வருவதில்லை. 2020இல் சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் புதிய வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவரின் ஊரையும் நிலத்தையும் பற்றிய ஆவணத்தை அவருக்குப் புரியாத மொழியில் எழுதி வைத்துவிட்டு, அவர் வதந்தியை நம்புகிறார் என்று குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அறிவியல் நமக்கு அந்நியமானதும் அல்ல. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை 1965இல் உலகிலேயே முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி உழைத்த அந்தச் சுரங்கத்தில்தான், 2 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில், அந்தக் கருவிகள் இருந்தன. இன்று பொட்டிபுரத்தில் மலை குடையப்படவில்லை. அங்கே தேட நினைத்த அதே விடையை, நியூட்ரினோ வகைகளில் எது இலேசானது, எது கனமானது என்ற நிறை வரிசையை, சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறது. புலித்தடத்தைக் காக்க ஆய்வகத்தை வேண்டாம் என்று நாம் தெளிந்து முடிவெடுத்திருந்தால் அதில் பெருமைப்படலாம். வேறு மலையைத் தேடியிருந்தாலும் பெருமைப்படலாம். தெளியாமலே, அச்சத்திலும் அவமதிப்பிலும் அந்த ஆண்டுகளைக் கழித்தோம். பொட்டிபுரத்தில் தோற்றது ஆய்வகமும் அல்ல, போராட்டமும் அல்ல. ஒரு பொருளைக் கூடிப் பேசித் தெளியும் நம் திறன்தான் தோற்றது.

விஞ்ஞானிகளைக் கேட்டுக்கொள்கிறோம்: திட்டம் எழுதும் நாளிலேயே தமிழில் பேச வாருங்கள், எதிர்ப்பு எழுந்த பிறகு விளக்கக் கூட்டம் போடுவது பேச்சாகாது. உங்களுக்குச் சங்கடமான பக்கங்களையும் நீங்களே முதலில் திறந்து காட்டுங்கள். போராடும் தோழர்களே, நியாயமான கோரிக்கைக்குப் பொய்யைத் துணைக்கு அழைக்காதீர்கள். அந்தப் பொய் அம்பலமாகும் நாளில் உங்கள் உண்மையையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். அரசு, சூழல் அறிக்கைகளின் முழு வடிவத்தைத் தமிழில் வெளியிட்ட பிறகே கருத்துக்கேட்புக் கூட்டம் கூட்ட வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வரவிருக்கும் ஆலை, சுரங்கம், மின்நிலையம் எதுவானாலும் அதன் ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். புரியாத பகுதியை எங்களுக்கு அனுப்புங்கள். துறை அறிந்தவர்களைக் கொண்டு விளக்கம் எழுதவைத்து, ஆதரவும் எதிர்ப்புமாக வரும் கட்டுரைகளோடு சேர்த்து, வரும் இதழ்களில் வெளியிடுவோம்.